இயக்கியைக் காணவில்லை

ஊர்காவற்றுறை இளைஞர் சிலர் தீவகத்தவரின் நினைவு மலர்களைத் திரட்டி மின்னுருவாக்கி வருகின்றனர். 'கல்வெட்டு' என்றால்தான் நம்மவருக்கு விளங்கும். அந்தியேட்டியன்று வழங்கப்படும் அச்சிறு நூல்களில் தேவார திருவாசகங்களோடு மறைந்தவரின் வம்சாவளியும் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் போரினால் ஊர்கள் கலைந்துபோன தீவகத்தில், யார் யாருக்கு என்ன உறவு என்பதற்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று பல குடும்பங்களுக்கு இது ஒன்றுதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் காட்டிய வழி.

சென்ற மாதம் பழைய கணினியிலிருந்து புதிய உபுண்டுவுக்கு மாறினார்கள். பக்கத்தைத் திறந்தால், இயக்கியைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

"ஐயா, டேட்டாபேஸ் அழிஞ்சு போச்சுப் போல கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடட்டோ?" என்று தொலைபேசியில் கேட்டார் ஒருவர்.

"ஒண்டையும் தொட வேண்டாம் தம்பி" என்றேன். படங்கள் வன்தட்டில் இருக்கும். எந்தப் படம் எவருடையது, எந்த ஊர் என்னும் விபரமோ தரவுத்தளத்தில் அல்லவா இருக்கிறது!

குறிகட்டுவானில் படகு இல்லையென்றால் நெடுந்தீவு மூழ்கிவிட்டது என்று பொருளா? பிஎச்பி நிரல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை எட்ட இடையில் ஒரு நீட்சி வேண்டும். உபுண்டுவில் அது தனிப் பொதி. பிஎச்பியை நிறுவினால் தானாக வந்துவிடாது. பழைய நிரல்கள் நம்பியிருந்த நீட்சியோ 2015இல் வெளியான பிஎச்பி 7உடன் அடியோடு நீக்கப்பட்டது. நல்ல வேளை, இவர்களுடைய நிரல் பிடிஓ வழியே எழுதப்பட்டிருந்தது.

முதலில் தரவுத்தளத்தைப் பென்டிரைவில் நகலெடுக்கச் செய்தேன். பிறகு பொதியை நிறுவினார்கள். முனையத்தில் கேட்டால் இயக்கி பட்டியலில் இருக்கிறது. உலாவியிலோ அதே வரி! எவரோ எழுதிய குறிப்பைப் பின்பற்றிப் பிஎச்பியின் இரு பதிப்புகளை நிறுவியிருந்தனர். முனையத்தில் ஓடியது 8.3, அப்பாச்சி வழங்கி பயன்படுத்தியது 8.1. பிஎச்பி தன்னைப் பற்றித் தானே அறிவிக்கும் பக்கத்தை உலாவியில் திறந்த பின்னரே இது தெரிந்தது. 8.1க்குரிய பொதியை நிறுவி, அப்பாச்சியை மீளத் தொடக்கியதும் பக்கம் திறந்தது.

அன்று மாலை நயினாதீவிலிருந்து மேலும் இரண்டு கல்வெட்டுகள் வந்து சேர்ந்தனவாம். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை அறிந்த எனக்கு, எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பது பிடிப்பதில்லை. அந்தப் பென்டிரைவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.