ஈரம் காயும் முன்

கும்பகோணம் மகாமகக் குளம். காலை வெயில் கீழ்க்கரைக்கு மேலே ஏறி வந்து தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. மேல்கரைப் படிகளில் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் மடக்கு ஸ்டூலில் அவர்களுடைய ஆசிரியர். அறுபது வயதிருக்கும். நீர்வண்ணம்தான் அவருக்கு வாழ்க்கை என்பது விரல் இடுக்குகளில் ஊறிப்போன நீலத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எதிரே சாய்த்து வைத்த பலகையில், நான்கு ஓரமும் டேப் ஒட்டிய தாள். பிள்ளைகள் வரையத் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. இவர் தாளில் இன்னும் ஒரு கோடு விழவில்லை.

பார்த்துக்கொண்டே இருக்கிறார். இமையை முக்கால்வாசி இறக்கி, புருவத்தைச் சுளித்து, தூரத்துப் போர்டைப் படிக்க முயல்கிறவர் பார்ப்பதுபோல. நானும் இருந்த இடத்திலிருந்தே அப்படிப் பார்த்தேன். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். கண்ணைச் சுருக்கியதும் தூணும் சுதைச் சிற்பமும் படிக்கட்டின் வரிகளும் காணாமல் போயின. எது வெளிச்சம், எது இருட்டு, எது இரண்டுக்கும் நடு என்பது மட்டும் நின்றது. எதிர்க்கரை மண்டபங்கள் கருந்திட்டாக ஒட்டிக்கொள்ள, ஒன்றின் விமான விளிம்பில் மட்டும் வெயில் கீற்றாக ஓடியது. அதற்கு நேர் கீழே தண்ணீரில் ஒரு வெள்ளைப் பளபளப்பு.

அவர் எடுத்துக்கொண்டதும் அந்த ஒரு மண்டபத்தைத்தான். பென்சிலால் ஏழெட்டுக் கோடு, அவ்வளவுதான். மற்றவை தாளுக்குள் வரவே இல்லை.

அகலப் பிரஷ்ஷை நீரில் முக்கி, மஞ்சள் காவியை நீர்க்கக் கரைத்து, மேலிருந்து வாஷ் இழுத்தார். பலகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு இழுப்பின் கீழ்விளிம்பிலும் வண்ணநீர் திரண்டு நிற்கிறது. அது வழிவதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டு வாங்கிக்கொள்கிறது. கை நிற்பதே இல்லை. விமானத்தின் விளிம்பு வந்த இடத்தில் மட்டும் பிரஷ் நூலளவு விலகிப் போயிற்று. தண்ணீரின் பளபளப்பு வரவேண்டிய இடத்தையும் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த இரண்டு இடமும் வெறும் தாள். இனி கடைசிவரை அவற்றை யாரும் தொடப்போவதில்லை.

நீர்வண்ணக்காரருக்கு வெள்ளை என்பது தாள்தான். பிசினில் குழைத்த நிறமி தண்ணீரில் கரைந்து மெல்லிய திரையாகப் படிகிறது. வெளிச்சம் அந்தத் திரை வழியே உள்ளே போய், தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. மேலே மேலே பூசினால் திரும்பி வரும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். எண்ணெய் வண்ணத்தில் தவறின் மேல் வேறு நிறத்தை அப்பி மூடிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. 1800-ல் தாமஸ் கிர்டின் லண்டனில் தீட்டிய 'செல்சியில் வெள்ளை வீடு' நினைவுக்கு வந்தது. தேம்ஸ் நதி, மங்கிய வானம், தூரத்துக் கரையில் சின்னதாக ஒரு வீடு. படம் முழுக்க அந்த வீட்டைச் சுற்றித்தான் உயிரோடிருக்கிறது. அந்த வீட்டுக்கு அவர் வெள்ளை எதுவும் பூசவில்லை, தாளை அப்படியே விட்டிருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 27 வயதில் இறந்துபோனார். எங்கே தொடக்கூடாது என்பதை அந்த வயதிலேயே அறிந்திருந்த கையை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

வாஷ் காயவேண்டும். ஆசிரியர் எழுந்து பிள்ளைகள் பக்கம் போனார்.

முதல் படியில் ஒரு பையன். குளிக்க வந்த ஒருவர் துண்டும் தோளுமாக அவன் பின்னால் நின்று, "அச்சு அசல் போட்டோவேதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. தூண்களின் எண்ணிக்கை சரி, விமானத்தின் அடுக்குகள் சரி. ஆசிரியர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார்.

"என்னத்தப் பாத்து இங்க உக்காந்தே?"

"கொளத்த சார்."

"கொளத்துல என்னத்த?"

பையன் யோசித்தான். "தண்ணில வெயில் பளீர்னு அடிச்சுது சார்."

"அது இதுல எங்க இருக்கு?"

பையன் தன் தாளையே தேடினான். தண்ணீர் முழுக்க ஒரே பச்சை. வானம், மண்டபம், படி எல்லாம் ஒரே டோன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று வரைந்தவன், எதற்காக உட்கார்ந்தானோ அதை மட்டும் விட்டுவிட்டான். ஆசிரியர் திட்டவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டு படி தள்ளி ஒரு பெண். அவள் தாளில் மண்டபம் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. கார்ட்ரிட்ஜ் தாள் வேறு, ஈரத்தில் அலை அலையாக எழும்பியிருந்தது. ஆனால் நிழல் முழுவதையும் மண்டபத்திலிருந்து படி, படியிலிருந்து தண்ணீர் என்று ஒரே வடிவமாகச் சேர்த்துப் போட்டிருந்தாள். மிச்சமிருந்த வெள்ளை தானாகவே வெயிலாகியிருந்தது. ஆசிரியர் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"கோடு தப்பும்மா. கோடு வந்துரும். இந்த நெழல விட்டுராத. பணிக்கர் ஆரம்பத்துல போட்ட வாட்டர் கலர் எல்லாம் தேடிப் பாரு."

1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரைத்தான் சொல்கிறார். பிற்காலத்து 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையால் அறியப்படுகிறவர், நீர்வண்ண நிலக்காட்சிகளில் பெயரெடுத்துத்தான் மேலே வந்தார்.

திரும்பி வந்து தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். மேல்பகுதி காய்ந்துவிட்டது, தண்ணீர்ப் பகுதியில் மட்டும் ஈரம் மின்னுகிறது. அவர் காத்திருந்தது இதற்குத்தான். அல்ட்ராமெரினையும் பர்ன்ட் சியன்னாவையும் பேலட்டில் முழுதாகக் கலக்காமல் அரைகுறையாகப் புரட்டி, பிரஷ் நிறைய அள்ளி, மண்டபத்தை ஒரே மூச்சில் இறக்கினார். அந்தக் கருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. காய்ந்தால் வெளுக்கும் என்று தெரிந்துதான் அப்படி வைக்கிறார். மேல் விளிம்பு கத்தி வெட்டாக நின்றது. மண்டபத்தின் அடி ஈரத்தைத் தொட்டதும் கருமை கசிந்து தண்ணீருக்குள் இறங்கி, கல் எங்கே முடிகிறது, அதன் பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் போயிற்று. அரை நிமிடம் முந்தியிருந்தால் குளம் முழுக்க ஓடியிருக்கும். பிந்தியிருந்தால் அடியில் ஒரு கோடு விழுந்து, வெட்டி ஒட்டிய அட்டையாகியிருக்கும்.

குனிந்து பார்த்தேன். நிழல் காயக் காய, நீலத் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிவிட, பழுப்பு அவற்றின் இடையே தெரிந்தது. கல்லின் சொரசொரப்பு வந்துவிட்டது. அதை யாரும் வரையவில்லை. தாளும் தண்ணீரும் அவருக்காகச் செய்துகொடுத்த வேலை அது. அந்த வேலைக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நிற்கிற துணிவு இல்லாதவர்கள் இந்த ஊடகத்துக்கு வரக்கூடாது என்றே நினைக்கிறேன்.

பிறகு வலது ஓரத்தில் மரம். முதல் தீற்றல் நன்றாகவே விழுந்தது. ஏனோ மனம் நிறையாமல் மறுபடி தொட்டார். ஈரம் பாதி காய்ந்த இடத்தில் புது நீர் பட்டு, இலைத்திரள் நடுவே வெளிறிய திட்டு பூத்தது. அதைச் சரிசெய்ய மூன்றாம் முறையும் தொட்டார். பச்சை சேறாகிவிட்டது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, படியேறிப் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். பையனும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான்.

"மண்டபம் தேறும். தண்ணி தேறும். மரம் செத்துப்போச்சு."

"கழுவி எடுத்துரலாமே சார்?"

"அந்தப் பச்ச தாளுக்குள்ள எறங்கிரும்டா. எடுத்தாலும் கறை நிக்கும். மரம் வேணுமான்னு மொதல்லயே கேட்டிருக்கணும். நான் உக்காந்தது மரத்துக்காகவா?"

சொல்லிக்கொண்டே டேப்பை உரித்தார். தாளைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கம் மேலே வரும்படி பலகையில் வைத்து மறுபடி ஒட்டினார். அதற்குள் விமான விளிம்பில் ஓடிய கீற்று போய்விட்டது. எதிர்க்கரை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தது.

"இன்னிக்கு அவ்வளவுதான். நாளைக்கு ஆறரைக்கே வந்துரு. பென்சில் எடுத்துட்டு வராத."