“வயிறு சுருங்கிடுச்சு... மதுரை சுருங்கலையே!” - எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வீதியுலா

மதுரையின் பழைய ஊரை மேலேயிருந்து பார்த்தால், பெட்டிக்குள் பெட்டி அடுக்கியதுபோல இருக்கும். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். கோயிலுக்கு உள்ளேயே ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். தமிழ் மாதங்களை வரிசையாக நடந்தே கடக்கலாம்.

நடக்கும்போது மூக்கும் சும்மா இருக்காது. ஒரு முனையில் நெய், அடுத்த முனையில் பரோட்டாக் கல், அதற்கடுத்து சுக்கு தட்டிப்போட்ட பருத்திப்பால். ஊர் சுற்ற வருபவர்களுக்கு இது கொண்டாட்டம். ஆனால், இரைப்பையின் பெரும்பகுதியை ஆபரேஷனில் எடுத்துவிட்டு, இதே வீதிகள் வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு?

என் அத்தை அப்படி ஒருவர். வயது 46. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். மூன்று வருடங்களுக்கு முன்பு 112 கிலோ. கூடவே சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத்திணறல். எல்லா டயட்டும் பார்த்து அலுத்து, கடைசியில் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றரை வருடத்தில் 78 கிலோவுக்கு வந்தார். வீட்டு விசேஷங்களில் அவரைச் சுற்றித்தான் கூட்டம்.

இப்போது 86.

“அந்த எட்டு கிலோவைப் பத்தித்தான எழுதப்போற? எழுது பாப்பா. பேரை மட்டும் போட்டுராத” என்றார். வரும் திங்கட்கிழமை அவருக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, வெளி வீதியிலிருந்து கோயிலை நோக்கி இருவரும் நடக்கத் தொடங்கினோம்.

வெளி வீதி: வாழை இலையில் சூடான அல்வா

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 19-ம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் என்ற பிரிட்டிஷ் கலெக்டர் அவற்றை அகற்றி ஊரை விரித்தார். இன்று மேல வெளி வீதியில்தான் ரயில்வே ஸ்டேஷன். ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்தால் அல்வா வாசம் வரவேற்கும். வாழை இலைத் துண்டில் வைத்து, நெய் மினுங்க, சூடாகத் தருவார்கள்.

அத்தை நின்றார். வாங்கவில்லை.

“ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது மாசம், ஆசைக்கு ஒரு விள்ளல் வாயில போட்டேன். கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து, கண்ணு இருட்டிருச்சு. அப்படியே பிளாட்பாரத்துல உக்காந்துட்டேன். இனி ஜென்மத்துக்கும் அல்வா கிடையாதுன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னு சந்தோஷம் வேற” என்று சிரித்தார்.

இதை ‘டம்பிங்’ என்கிறார்கள். இனிப்பு அதிகமுள்ள உணவு வேகமாகச் சிறுகுடலுக்குள் போய்விடுவதால் வரும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம். குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனில் இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களிலும் சிலருக்கு வரும். ஆனால், எல்லோருக்கும் வராது, வந்தாலும் என்றைக்கும் நீடிக்கும் என்று சொல்ல முடியாது.

“ரெண்டாவது வருஷம் ஒரு கல்யாணத்துல பயந்து பயந்து ஒரு விள்ளல் சாப்பிட்டேன். ஒண்ணும் ஆகல. அன்னைக்குத்தான் பாப்பா எனக்குப் பயம் வந்துச்சு.”

மாசி வீதி: “என்னக்கா, நல்லா இல்லையா?”

டவுன்ஹால் ரோடு வழியாக மாசி வீதிக்கு வந்தோம். பெயரில்தான் மாசி, சித்திரைத் திருவிழாத் தேர் சுற்றி வருவது இந்த வீதிகளில்தான். தேர் இல்லாத நாள்களில் மூட்டை வண்டி, ஆட்டோ, ஜவுளிப் பைகளோடு வரும் குடும்பங்கள் என்று எப்போதும் நெரிசல்.

ஒரு கடையில் உட்கார்ந்து, இருவருக்குமாக ஒரே ஒரு கறிதோசை சொன்னோம். தோசை, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் மசாலாவில் வதக்கிய கொத்துக்கறி என்று மூன்று அடுக்கு. அத்தை தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். மேலே இருந்த கறியையும் முட்டையையும் முதலில் பிய்த்து, மெதுவாக மென்றார். கால் பாகம் முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் சப்ளையர் இரண்டு முறை வந்து, “என்னக்கா, நல்லா இல்லையா?” என்று கேட்டுவிட்டார்.

“எங்க போனாலும் இதே கேள்விதான். கல்யாண வீட்டுல இலையில மிச்சம் வெச்சா வருத்தப்படுறாங்க. இதுக்குப் பயந்தே வேகவேகமா முழுங்கி, பாத்ரூமுல போய் வாந்தியெடுத்திருக்கேன்” என்றார்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவிகிதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேல் பகுதியும் போய்விடுகிறது. அதனால்தான் முதல் சில மாதங்களில் பலருக்குப் பசியே இருப்பதில்லை. சாப்பாட்டை நினைவுபடுத்திச் சாப்பிட வைக்க வேண்டியிருக்கும்.

அந்தத் தேன்நிலவு முடிவுக்கு வரும். எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவான கலோரியில் ஓடப் பழகிக்கொள்ளும். பசி மெல்லத் திரும்பும். வயிற்றுப் பசிக்கு முன்பே தலைக்குள் ஒரு பசி வந்து நிற்கும். வாசம், பழக்கம், கோபம், தூக்கமின்மை, தனிமை என எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பும். கத்தி இரைப்பையைத் தொடும். 40 வருடமாக நாக்கில் ஊறிய ஞாபகங்களை அதனால் தொட முடியாது.

விளக்குத்தூண்: இறங்குவதுதான் பிரச்னை

தெற்கு மாசி வீதி வழியாக விளக்குத்தூண் வந்தோம். கோட்டையை அகற்றிய அதே பிளாக்பர்னின் நினைவுச் சின்னம் இது. ஆனால், இன்று விளக்குத்தூண் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்க்ரீம்.

அத்தையின் எட்டு கிலோவுக்கான விடை இங்கேதான் இருந்தது.

“பரோட்டா ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. அது பிரச்னையே இல்ல. இது இறங்குது பாரு, அதான் பிரச்னை. கறிதோசை கால்வாசிக்கு இருபது நிமிஷம். இது முழு கிளாஸ் அஞ்சு நிமிஷம்.”

திட உணவு சிறிய இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்கி ‘போதும்’ என்று சொல்ல வைக்கும். ஜூஸ், மில்க் ஷேக், ஐஸ்க்ரீம், சாக்லேட் போன்றவை வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்ததே தெரியாது. கலோரி மட்டும் உள்ளே சேரும். எச்சிலில் கரையும் சிப்ஸ், பிஸ்கட்டும் இதே ரகம்தான். எடை திரும்புவதற்கு ஒருவேளை விருந்தைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது பெரிய காரணமாகிவிடுகிறது.

அத்தைக்கு அது தொடங்கியது, அவர் மாமியார் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. ராத்திரி ஆஸ்பத்திரி, பகலில் கடை. சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு சின்ன கிளாஸ் ஜிகர்தண்டா. “அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குன்னு இருந்துச்சு” என்றார். மாமியார் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். நாலரை மணி கிளாஸ் நிற்கவில்லை.

“கடை இருக்கிற பக்கமே போகாம வேற தெருவுல போய்ப் பார்த்தேன். மதுரையில எந்தத் தெருவுல கடை இல்ல, சொல்லு? அங்கிட்டுப் போனா பருத்திப்பால், இங்கிட்டுப் போனா பஜ்ஜி.”

அன்று எனக்கு ஒரு கிளாஸ் வாங்கினார். இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டு, கிளாஸை என் பக்கம் தள்ளினார். கண் மட்டும் சிறிது நேரம் அதிலேயே இருந்தது.

ஆவணி மூல வீதி: இறுகிய மோதிரம்

உள்ளே திரும்பினால் தெற்கு ஆவணி மூல வீதி. மதுரையின் நகைக்கடை வீதி. வரிசையாகக் கண்ணாடி, வரிசையாக வெளிச்சம்.

எடை குறைந்தபோது அத்தையின் வளையல்கள் முழங்கை வரை ஏறின. மோதிரம் கழன்று விழுந்தது. இங்கேதான் ஒரு பட்டறையில் கொடுத்து மோதிரத்தைச் சின்னதாக்கினார். “அன்னைக்கு அந்த ஆசாரிகிட்ட, ‘இனிமே பெருசு பண்ண வரமாட்டேன்’னு சொல்லிட்டு வந்தேன்” என்றார். இப்போது மோதிரம் விரலில் இறுகி நிற்கிறது. சோப்பு போட்டால்தான் கழல்கிறது. அந்தப் பட்டறையைக் கடக்கும்போது அவர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

எடையைவிடப் பெரிய பாரம் இதுதான். “இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா?” என்று சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் வைத்தே கேட்டாராம். அதற்குப் பிறகு வீட்டு எடைமெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. டாக்டரிடம் போவதும் நின்றது.

ஆனால், ஓரளவு எடை திரும்புவது பலருக்கும் நடப்பதுதான். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு நீண்டகால ஆய்வில், பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவிகித எடையைக் குறைத்திருந்தார்கள். 10 வருடங்கள் கழித்து அது 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது, கொஞ்சம் திரும்பியது, பெரும்பகுதி திரும்பவில்லை.

இந்தக் கணக்கை அத்தையிடம் சொன்னேன். நடந்துகொண்டே மனதுக்குள் கூட்டிக் கழித்தார். “அப்போ 112-லருந்து பார்த்தா நான் இன்னும் 26 கிலோ கம்மிதான?” என்றார். அத்தனை நாளும் அவர் 78-லிருந்து மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தார்.

சித்திரை வீதி: வாசமில்லாத ஒரு கிலோமீட்டர்

சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கல் பாவிய தரை, நான்கு பக்கமும் கோபுரம். ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இரவில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாட, பெரியவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் ஆன புதிதில் அத்தை இங்கே தினமும் மூன்று சுற்று வருவார். முதன்முதலில் நிற்காமல் ஒரு சுற்று முடித்த நாளில், கிழக்குக் கோபுர வாசலில் நின்று அழுதிருக்கிறார். “112 கிலோவுல இருந்தப்ப நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். சர்க்கரை மாத்திரையும் நின்னுச்சு. அது திரும்ப வந்துருமோன்னுதான் இப்ப ராத்திரி தூக்கமே வர்றதில்ல” என்றார்.

வடக்குச் சித்திரை வீதியில் அவரே பேச்சை எடுத்தார். “திங்கக்கிழமை போய் ஜிகர்தண்டா கதையையும் சொல்லணுமா?”

“அதைத்தான் அத்தை முதல்ல சொல்லணும்” என்றேன்.

அன்று இரண்டு சுற்று நடந்தோம்.

ஆபரேஷன் செய்தவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால்...

* ஒரு ஐட்டத்தைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். முட்டை, கறி, மீன், பனீர், சுண்டல் போன்ற புரதத்தை முதலில். சோறு, தோசை பிறகு. பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் தேவை. உங்கள் அளவை டயட்டீஷியன் சொல்வார்.
* சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள்.
* இனிப்பு பானங்களை ‘குடிக்கிறதுதானே’ என்று கணக்கில் விடாதீர்கள்.
* ஆசை வந்தால், ‘இப்போது இட்லி கொடுத்தாலும் சாப்பிடுவேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், அது பெரும்பாலும் தலைப் பசிதான். பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.
* பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைப் பயணத்திலும் விடக்கூடாது. இவை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை.
* தொடர் வாந்தி, வயிற்றுவலி, கை கால் மரத்துப்போவது, கடும் சோர்வு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.
* எடை ஏறினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். உணவுமுறை, மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

திங்கட்கிழமை

மதியம் அத்தை போன் செய்தார். “டாக்டர் திட்டவே இல்ல. ‘ஏம்மா ஒரு வருஷமா வரல?’ன்னு மட்டும் கேட்டார். நாலரை மணி கிளாஸைச் சொன்னேன். எழுதிக்கிட்டார்.”

ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்திருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நாலரை மணிக்கு ஜிகர்தண்டாவுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். அதையும் நின்றுகொண்டே விழுங்காமல், கடையைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் அவருக்கே அவருக்கு என்று டயட்டீஷியன் அழுத்திச் சொன்னாராம்.

“நாளைக்கே ஜிகர்தண்டா ஆசை போயிருமா அத்தை?”

“போகாது. மதுரையில இருந்துக்கிட்டு எப்படிப் போகும்? ஆனா, மாசம் ஒரு தடவை உன்கூட ரெண்டு ஸ்பூனுன்னு டயட்டீஷியன்கிட்ட பேசி வாங்கிட்டேன். அதுனால நீ மாசாமாசம் வந்துரு” என்றார்.