கைப்பேசிக்குள் ஒரு கிழிசல்

பழவேற்காட்டில் வலைக் கிழிசலைப் பொத்திய பிறகே படகில் ஏற்றுவர். கைப்பேசிக்கு அந்த எச்சரிக்கை எங்கே?

2023 செப்டம்பர் 6ஆம் நாள், இணைய உலாவிகளில் வெப்பி வகைப் படங்களை விரித்துக் காட்டும் நிரலில் பழுது இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. வஞ்சகமாகப் புனைந்த படமொன்று திரையில் விரிந்தாலே அயலான் நுழைய வழி பிறக்கும். குரோமின் திருத்தப் பதிப்பு 11ஆம் நாளும், ஃபயர்ஃபாக்ஸினுடையது மறுநாளும் வெளிவந்தன. அதற்குள் சிலர் அவ்வழியே புகுந்தும்விட்டனர்!

என் மாணவனின் தந்தை இறால் பிடிப்பவர். வங்கிக் கணக்கை ஆண்ட்ராய்டு 7 கைப்பேசியில்தான் பார்ப்பார். குரோம் 119ஆம் பதிப்புக்குப் பின் வந்த திருத்தம் எதுவும் அதனை எட்டாது, காத்திருந்தும் பயனில்லை.

“நல்லாத்தானே ஓடுது, ஹஜ்ரத்?” என்றார். புதியது வாங்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கணக்கு வழக்கை வங்கிக் கிளைக்கே சென்று பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் பாடு போய்விடுமே என்றார்.