கடலோரத்து வண்டியும் ஒரு சின்ன ஜெட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் மக்களே. போன வாரம் ஆபீஸ்ல ஒரு சின்னப் பையன், "அண்ணே, பைக்ல லடாக் போறோம். மணாலியிலேர்ந்து ரெண்டே நாள்ல லே!"ன்னு குஷியா சொன்னான். எனக்கு உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

நமக்கு ஊரு திருவொற்றியூர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கம்பெனி சங்கு. புது சைக்கிள் வாங்கினாலும் உப்புக்காத்து ஆறே மாசத்துல ரிம்மைத் தின்னுடும். இந்த ஊர்லதான் புல்லட் பிறந்துச்சு. இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. எல்லையில ரோந்து போக ராணுவத்துக்கு 350 சிசி வண்டி வேண்டியிருந்தது. 1970ல இங்கிலாந்துல கடையைக் கட்டின பிறகும், நம்மூர்ல புல்லட் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

அப்பாவுக்கு அங்க அசெம்ப்ளியில வேலை. அவர் பார்த்த உசரமான இடம் திருப்பதி. "மலையேறப் போற வண்டியை கடலோரத்துல உக்காந்து பூட்டுறோம்டா, நான் பூட்டினது எங்கெங்க போயிருக்கோ"ம்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் 2008 ஆகஸ்ட்ல நான் கிளம்பினேன். உலகத்துலயே உசரமான ரோடுன்னு அப்போ எல்லாரும் சொன்ன கர்துங் லாவுல, 18,380 அடின்னு எழுதியிருக்கிற போர்டு பக்கத்துல புல்லட்டை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அவர் கையில குடுக்கணும். (நிஜத்துல அது 17,582 அடிதான். போர்டு கொஞ்சம் அடிச்சு விட்டிருக்கு. ஹி ஹி.)

கூட வந்தது மாமா பையன், காசிமேட்டு மச்சான். எண்ணூர் முகத்துவாரத்துல முங்கினா ஒரு நிமிஷத்துக்கு மேல வெளியவே வரமாட்டான். "ஆக்சிஜன் கம்மியா? நம்மகிட்டயா?"ன்னு தோளைக் குலுக்கினான்.

கிளம்புற அன்னிக்கு வடிவுடையம்மன் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. அப்பா ஒரு காகிதப் பொட்டலம் குடுத்தார். உள்ளே சின்ன நம்பர் மெயின் ஜெட்.

"மேல போகப் போக காத்து லேசாயிடும். பெட்ரோல் மட்டும் அதே அளவு வந்தா வண்டி திக்குமுக்காடும். பிளக் கரி பிடிக்கும், கறுப்புப் புகை தள்ளும். காத்து கம்மியானா பெட்ரோலையும் கம்மி பண்ணு. அவசரப்படாதே."

சென்ட்ரல்ல பெட்ரோலை வடிச்சு, சாக்கு சுத்தி, வண்டியைப் பார்சல்ல டெல்லிக்கு அனுப்பினோம். அங்கேர்ந்து ரெண்டு பேரும் ஒரே வண்டியில மணாலி. மறுநாள் விடியக்காலம் ரோத்தாங் 13,000 அடி ஏறி இறங்கி, கேலாங்ல மதியச் சாப்பாடு. அங்கேயே தங்கியிருக்கணும். நாங்கதான் சூரப்புலிகளாச்சே! "வெளிச்சம் இருக்கு மச்சான், போலாம்"னு 16,000 அடி பாரலாச்சா லாவையும் தாண்டி, இருட்டும்போது சர்ச்சு கூடாரத்துல விழுந்தோம். சர்ச்சு சுமார் 14,000 அடி. காலையில கண் முழிச்ச மணாலி ஏழாயிரம்கூட இல்லை. ஒரே நாள்ல படுக்கிற உசரம் டபுள்!

ராத்திரி பத்து மணிக்கு மச்சான் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான். பன்னெண்டு மணிக்கு வாந்தி. குடிச்ச தண்ணிகூட தங்கலை. வெளியே பாட்டில் தண்ணி உறைஞ்சு கெடக்கு. எனக்கும் தூக்கம் வரலை, கண்ணை மூடினா மூச்சு நின்னு போற மாதிரி திடுக்குனு முழிப்பு. போன் சிக்னல்னு ஒண்ணும் கிடையாது. "அத்தைகிட்ட என்னடா சொல்லுவேன்"னுதான் விடிய விடிய மனசுல ஓடிச்சு.

கூடாரக்காரர் விடியறதுக்குள்ள வந்து டார்ச் அடிச்சு அவன் உதட்டைப் பார்த்தார், நேர்கோட்டுல நடக்கச் சொன்னார். நடந்தான். கையைக் கீழே காட்டி "நீச்சே, நீச்சே"ன்னார். நமக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்திக்கு அதுவே போதும்.

ஆனா சர்ச்சுல ஒரு சிக்கல் இருக்கு. கீழே இறங்கணும்னா முதல்ல மேலே ஏறியாகணும். முன்னாடி லே, 250 கிலோமீட்டர், நடுவுல லாச்சுலுங் லா, தங்லங் லா, ரெண்டும் இன்னும் உசரம். பின்னாடி கேலாங், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, நடுவுல பாரலாச்சா ஒண்ணுதான். முன்னாடி போனா அப்பாவோட போட்டோ.

பத்து நிமிஷம் யோசிச்சேன். அந்தப் பத்து நிமிஷம் ஏன் யோசிச்சேன்னு இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

கிக்கரை மிதிச்சா வண்டி இருமுது, பிடிக்கலை. நாலு மிதிக்கே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. அப்பா குடுத்த பொட்டலத்தைப் பிரிச்சேன். மரத்துப் போன விரலால அந்தப் பித்தளைத் துண்டைப் பிடிக்கவே முடியலை, ரெண்டு தடவை மண்ணுல போட்டேன். மாத்தி, பிளக்கைத் தொடைச்சுப் போட்டு மிதிச்சதும் டப் டப் டப்னு பிடிச்சது பாருங்க... அழுகை வந்துடுச்சு.

மச்சானை ஒரு துண்டால என் இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டு ரெண்டாவது கியர்லயே பாரலாச்சாவை ஏறினேன். அவன் தலை என் முதுகுல கல்லு மாதிரி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் "மச்சான்"னு கூப்பிடுவேன், "ம்"பான். அந்த "ம்"முக்காகத்தான் வண்டி ஓட்டினேன். இறங்க இறங்க "ம்" பெருசாச்சு. ஜிஸ்பா பக்கம், பத்தாயிரத்துச் சொச்சம் அடியில, அவனாவே பேசினான்: "பசிக்குதுடா."

லீவும் காசும் தீர்ந்து போச்சு. கேலாங்ல ரெண்டு நாள் படுத்துட்டு ஊருக்குத் திரும்பிட்டோம். கர்துங் லா போகவேயில்லை.

வீட்டுல அப்பா முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. அவர் போட்டோ பத்திக் கேக்கவேயில்லை. நேரா வண்டிக்கிட்ட போய் குத்துக்காலிட்டு உக்காந்து கார்ப்பரேட்டரைக் கழட்டினார்.

"மாத்தினியா?"

"மாத்தினேன்பா."

"ரெண்டு பேரையும் இழுத்துச்சா?"

"இழுத்துச்சுப்பா. பதினாறாயிரம் அடி."

"அப்புறம் என்ன? போய்க் குளி."

அவர் போய் ஏழு வருஷமாச்சு. அந்த ஜெட் இன்னும் என் மேசை டிராயர்லதான் கெடக்கு.

இப்போ நிறைய மாறிடுச்சு. 2020 அக்டோபர்ல அடல் சுரங்கம் திறந்ததுலேர்ந்து ரோத்தாங் ஏற வேண்டியதில்லை. கர்துங் லாவை விட உசரமா 19,024 அடியில உம்லிங் லாவுக்கே ரோடு போட்டாச்சு. பிஎஸ் 6 வந்த பிறகு புது வண்டி எல்லாம் இன்ஜெக்‌ஷன், காத்து எவ்வளவுன்னு தானே கணக்குப் பார்த்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். ஜெட் மாத்துற வேலையே இல்லை. மனுச உடம்புக்கு அந்த வசதி இன்னும் வரலை. அதுவும் தன்னை மாத்திக்கும், ஆனா நாள் எடுக்கும். ஜிம் பாடியா, முங்குற நெஞ்சான்னெல்லாம் மலை பார்க்காது.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதான்: பத்தாயிரம் அடிக்கு மேல, ராத்திரி படுக்கிற உசரத்தை ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல ஏத்தாதே. கேலாங்லயோ ஜிஸ்பாவுலயோ ரெண்டு ராத்திரி தங்கு. தலைவலி வந்தா அங்கேயே நில்லு, கூடிக்கிட்டே போனா இறங்கு. மூச்சு வாங்கினாலோ தள்ளாடினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதே.

"அப்ப லீவு பத்தாதேண்ணே"ன்னான்.

பத்தாதுதான் தம்பி.

டிஸ்கி: மாத்திரை போட்டுக்கிட்டா எவ்வளவு வேகமா வேணும்னாலும் ஏறலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டாக்டரைக் கேக்காம எதையும் முழுங்காதீங்க. மச்சான் நல்லா இருக்கான். இப்பவும் முகத்துவாரத்துல முங்குறான், மலைன்னா மட்டும் பேச்சை மாத்துறான் :-)