சிறையுடைப்பு நம்பத் தக்கதா?

தமையனை மீட்கவேண்டித் தம்பி தானே குற்றம் புரிந்து அதே சிறைக்குள் புகுகிறான். சிறையின் வரைபடத்தை உடலெங்கும் பச்சை குத்திக்கொண்டு போகிறான். 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பிரிசன் பிரேக்’ தொடரின் கதை இது. இது நடக்கக்கூடியதா என்று நம் தோட்டத்து இளைஞர் வினவுகின்றனர்.

நடந்ததைக் கூறுவோம். வேலூர்க் கோட்டையில் திப்பு மகாலில் அடைபட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டி வெளியேறினர். 1962இல் அல்காட்ராசில் மூவர் படுக்கைகளில் பொம்மைத் தலைகளை வைத்துச் சென்றனர். காவலர் இரவெல்லாம் அத்தலைகளையும் சேர்த்தே எண்ணினர். அக்காவலர் மூடரல்லர். எண்ணிப் பழகியவன் பார்ப்பதை விட்டுவிடுகிறான்.

கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம் இதனை எங்ஙனம் மறுப்போம்? முன்னர் நெகிரி செம்பிலானில் வேறொரு தோட்டத்தில், ஊரைவிட்டே போய்விட்ட ஒருவருக்கு மூன்று நாள் செக்ரோலில் பேர் போட்டோம். மண்டோர் “எல்லாரும் சரி” என்றார். நாமும் தலை நிமிராது எழுதினோம். நான்காம் நாள் அவர் மனைவி அலுவலக வாசலில் வந்து நின்று, “ஐயா, அவரை எந்த நிரைக்கு அனுப்பினீர்கள்?” என்றபோது நமக்கு நாவெழவில்லை.

சுரங்கத்தை நம்புகிறோம். உடலெல்லாம் பச்சை குத்தி வந்தவனைக் கண்டும் பதிவேடு எழுதியவன் ஐயுறவில்லை என்பதையுங்கூட.