கல்லடியும் கண்ணடியும்

 

'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்பர் நம் பெரியோர். ஆனால் புதிதாக வாகனம் வாங்குவோர் கல்லடிக்கும் சிறிது அஞ்சத்தான் வேண்டும். இதனை எனக்குக் கற்பித்தது என் தம்பியின் லாரி.

2019ஆம் ஆண்டில், மனைவியின் நகையை விற்றும் உறவினரிடம் வட்டியில்லாக் கடன் பெற்றும் அவன் ஒரு சிறு லாரி வாங்கினான். ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டை ஏற்றுவது தொழில். "காக்கா, பெயிண்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?" என்று கேட்டான். மதரஸாவில் பாடம் நடத்துபவன் நானல்லவா? "அது வீண்விரயம், அல்லாஹ் காப்பான்" என்று தீர்ப்பளித்துவிட்டேன். அவனும் மறுபேச்சின்றி, முன்கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு தொழிலைத் தொடங்கினான்.

வெள்ளிதோறும் வண்டியின் முகப்பைப் பளபளக்கத் துடைப்பான். மூன்றாம் மழைக்காலத்தில், சரக்கேற்றும் பகுதியின் அடியோரத்தில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்தினேன், தகடு உதிர்ந்தது. பன்னிரண்டு நாள் வண்டி பட்டறையில் நின்றது. வருமானமும் நின்றது. "நஸீபு, காக்கா" என்றான். எனக்கு நெஞ்சு உறுத்திற்று. அது நஸீபு அன்று. அறியாத பொருளில் நான் கொடுத்த ஃபத்வா!

அதன் பின்னரே விசாரித்து அறிந்தேன். தொழிற்சாலையில் பூசப்படும் பெயிண்ட், எல்லா அடுக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய நாம் எழுதும் தாளின் பருமனே இருக்கும். சக்கரம் தெறிக்கும் சரளைக்கல் அதனைப் பெயர்த்துவிட்டால், அவ்வழியே ஈரமும் உப்பும் இரும்பைத் தின்னத் தொடங்கும்.

இதற்கான காப்புகள் பலவகை. மெழுகு சில வாரங்களோ மாதங்களோ நிற்கும். செராமிக் பூச்சு சில ஆண்டுகள் உழைக்கும், நீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கும், கழுவுதல் எளிதாகும். ஆயினும் அதன் பருமன் ஓரிரு மைக்ரான் அளவே. கல்லடியை அது தாங்காது. கல்லடியைத் தாங்குவது, பாலியூரித்தேனால் ஆன, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுப்படலம். அதன் பருமன் ஏறத்தாழ 200 மைக்ரான். பெயிண்டை விடத் தடித்தது. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலினின்று காக்க ஒட்டப்பட்ட படலமே இதன் முன்னோடியாம்.

வண்டி முழுதும் படலம் ஒட்டினால் பெருஞ்செலவு. உழைக்கும் லாரிக்கு அது தேவையுமில்லை. முகப்பின் கீழ்ப்பகுதி, கதவின் அடி, சக்கரத்திற்குப் பின்னுள்ள பகுதி ஆகிய கல் படும் இடங்களுக்குப் போதும். சரக்குப் பகுதிக்குத் தடித்த ரப்பர் விரிப்பு; ஆனால் அதனை அடிக்கடி தூக்கி, அடியில் தேங்கும் உப்பைக் கழுவ வேண்டும். அடிப்பாகத்திற்குத் துருத்தடுப்புப் பூச்சு. நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடலாகாது. பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், அது நன்கு இறுகும் வரை எதனையும் மேலே ஒட்டக்கூடாது. இவை யாவற்றினும் மேலாக, உப்பு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவிவிட வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

ஒட்டகத்தைக் கட்டாமல் விடலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எத்தனை முறை பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருப்பேன்! என் தம்பி கேட்ட நாளில் அப்பாடம் எனக்கே நினைவுக்கு வரவில்லை.

பிறர் பார்க்க மினுக்குவதற்குச் செலவிட்டால் அது விரயம். குடும்பத்தின் உணவைச் சுமந்து வரும் இரும்பைக் காக்கச் செலவிட்டால் அது அமானத்தைப் பேணுதல். இரண்டையும் பிரித்தறியாமல் நான் பேசினேன். விலை கொடுத்தவன் தம்பி. பட்டறைக் கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவன் மறுத்தும் விடவில்லை.

தெரியாததைக் கேட்டால் 'தெரியாது' என்று சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.