ஏழு கை மேலே, ஐந்தரை கை உள்ளே



கொஞ்ச நாளாக ஒரு காணொளி நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. எகிப்தின் பெரிய பிரமிடை மனிதர்கள் கட்டியிருக்கவே முடியாதாம், வேற்றுக்கிரகத்தார் வேலையாம். அதற்கு மூன்று சான்று சொல்கிறார்கள். பிரமிடின் அளவுகளுக்குள் 'பை' ஒளிந்திருக்கிறது என்பது ஒன்று. திசைகாட்டும் கருவியே இல்லாத காலத்தில் அதன் பக்கங்கள் துல்லியமாக வடக்கு தெற்காக இருக்கின்றன என்பது இரண்டு. அதன் அட்சரேகை 29.9792 டிகிரி, ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர், இரண்டும் ஒரே எண் என்பது மூன்று. "சார், நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, இது நிஜமா என்று சொல்லுங்கள்" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். மீட்டர் என்ற அளவு 1790களில் பிரான்சில் உருவானது. பிரமிடு சுமார் 4,500 ஆண்டு பழையது. கட்டியவர்கள் பிரெஞ்சு மீட்டரை எப்படி அறிந்திருப்பார்கள்? இன்னொன்றும் பாருங்கள். ஒரு டிகிரி அட்சரேகை தரையில் சுமார் 111 கிலோமீட்டர். பிரமிடின் ஒரு பக்கமே 230 மீட்டர். அதாவது தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்குப் போவதற்குள் அட்சரேகை 0.002 டிகிரி மாறிவிடுகிறது. இவ்வளவு அகலமான கட்டடத்துக்கு நான்கு தசம இடம் வரை ஒரே எண்ணைச் சொல்வதில் பொருளே இல்லை.

இனி 'பை'.

எகிப்தியர் அளந்தது முழத்தால். அரச முழம் என்பது சுமார் 52.4 சென்டிமீட்டர். நம் ஊரில் பூக்காரம்மா அளக்கும் முழத்தைவிட ஏறக்குறைய ஒரு கையகலம் கூடுதல். கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் ஒரு 'கை'. ஒரு அரச முழத்துக்கு 7 கை, ஒரு கைக்கு 4 விரல், ஆக முழத்துக்கு 28 விரல். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். மீட்டரில் சுமார் 230, 146.6.

சாய்வை அவர்கள் டிகிரியில் சொல்லவில்லை. ஒரு முழம், அதாவது 7 கை, மேலே ஏறும்போது எத்தனை கை உள்ளே தள்ள வேண்டும் என்று சொன்னார்கள். அந்த அளவுக்குச் 'செகெத்' என்று பெயர். இது நம் கொத்தனார் யாருக்கும் உடனே புரியும். பாகைமானி வேண்டாம், ஒரு மட்டக்கோலும் தூக்குக் குண்டும் போதும். கூஃபு பிரமிடின் செகெத் ஐந்தரைக் கை. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பாதி அடிப்பக்கம் 220, உயரம் 280. 220 : 280 என்பதும் 5½ : 7 என்பதும் ஒன்றுதான்.

இப்போது சுற்றளவை உயரத்தால் வகுப்போம். சுற்றளவு என்பது பாதி அடிப்பக்கத்தின் எட்டு மடங்கு. ஆகவே விடை 8 × 5½ ÷ 7, அதாவது 44/7. அதில் பாதி 22/7. நாம் ஏழாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் அதே 22/7! காணொளிக்காரர் மயங்கியது இங்கேதான். ஆனால் அந்த 7 எங்கிருந்து வந்தது? ஒரு முழத்துக்கு ஏழு கை என்பதிலிருந்து வந்தது. ஐந்தரையை எட்டால் பெருக்கினால் 44. கையளவில் ஒரு சுலபமான சாய்வைத் தேர்ந்தெடுத்தார்கள், 22/7 தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தற்செயல் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? பக்கத்துப் பிரமிடைப் பாருங்கள். கூஃபுவின் மகன் காஃப்ரே கட்டியதன் செகெத் ஐந்தேகால் கை. அதே கணக்கைப் போட்டால் 8 × 5¼ ÷ 7 = 6. பாதி 3. அப்பாவுக்குத் தெரிந்த 'பை' மகனுக்கு மறந்துபோயிற்றா? கூஃபுவின் அப்பா ஸ்னெஃபெரு தாஷூரில் கட்டிய சிவப்புப் பிரமிடின் சாய்வு சுமார் 43 டிகிரி. அங்கே இந்த 'பை' நாலைத் தாண்டிவிடும். மூன்று தலைமுறைக்கு மூன்று 'பை' இருக்க முடியாது.

இன்னொரு சான்றும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரிண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடி இருக்கிறது. அஹ்மெஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் ஒரு பழைய சுவடியிலிருந்து படியெடுத்தது. வட்டத்தின் பரப்புக்கு அதில் உள்ள வழி இது: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மீதியை வர்க்கமாக்கு. விட்டம் 9 என்றால் பரப்பு 64. இதன்படி 'பை' 256/81, சுமார் 3.16. கூஃபு காலத்திலேயே 22/7 தெரிந்திருந்தால், ஆயிரம் ஆண்டு கழித்து அதைவிடச் சற்று மோசமான மதிப்பை ஏன் கற்பிக்க வேண்டும்?

இதனால் அவர்கள் கணக்கில் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காஃப்ரேயின் 5¼ : 7 என்பதைச் சுருக்கினால் 3 : 4. சாய்வுப் பக்கம் 5. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த 3, 4, 5 முக்கோணம் 143 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. மாஸ்கோ பாப்பிரஸ் என்ற இன்னொரு சுவடியில் உச்சி வெட்டப்பட்ட பிரமிடின் கன அளவு கணக்கு இருக்கிறது: அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6. விடை 56. பத்தாம் வகுப்பில் இடைக்கண்டத்துக்கு உங்களைப் பாடாய்ப் படுத்தினேனே, அதே முறைதான். விடை அச்சு அசல் சரி.

அடுத்து திசை. இதில்தான் எனக்கு வியப்பு அதிகம்.

கூஃபு பிரமிடின் பக்கங்கள் உண்மையான வடக்கிலிருந்து விலகுவது ஒரு டிகிரியில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 230 மீட்டர் நீளத்துக்குச் சுமார் கால் மீட்டர். காந்த ஊசி அவர்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு துல்லியம் கிடைத்திருக்காது. வானம் ஒன்றே வழி. துருவ விண்மீனைப் பார்த்தார்கள் என்று சொல்லவும் முடியாது. பூமியின் அச்சு பம்பரத்தின் தலை சுற்றுவதுபோலச் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. இன்றைய துருவ விண்மீன் அன்று துருவத்தில் இல்லை. துபான் என்ற விண்மீன் ஓரளவு பக்கத்தில் இருந்தது, ஆனால் இந்தத் துல்லியத்துக்கு அது போதாது.

அறிஞர்கள் இரண்டு வழிகளை முன்வைக்கிறார்கள். 2000-ல் 'நேச்சர்' இதழில் கேட் ஸ்பென்ஸ் ஒரு வழியைச் சொன்னார். துருவத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விண்மீன்கள், கோகாப், மிஸார். இரண்டும் துருவத்தைச் சுற்றிவரும். ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று வரும் நொடியில், தொங்கும் தூக்குக் கயிறு இரண்டையும் தொட்டால், கயிறு இருக்கும் திசை வடக்கு. அச்சின் சுழற்சியால் இந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகரும். அந்தக் காலத்துப் பிரமிடுகளின் திசைப் பிழையும் பெரும்பாலும் அதே போக்கில் நகர்வதைக் காட்டி, கூஃபு பிரமிடின் தொடக்கத்தை கி.மு. 2478 வாக்கில் என்று அவர் கணித்தார். வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் காலத்தைவிட இது பிந்தியது என்பதால் எல்லோரும் ஏற்கவில்லை.

இரண்டாவது வழி, கிளென் டாஷ் என்ற பொறியாளர் செய்து பார்த்தது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சமதரையில் ஒரு கோலை நட்டு, நிழலின் நுனியை அவ்வப்போது புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் கிழக்கு மேற்காக அமையும். பள்ளி மைதானத்தில் கொடிக்கம்ப நிழலுக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்தோமே, நினைவிருக்கிறதா? அதேதான். டாஷுக்கும் பிரமிடுக்கு நிகரான துல்லியம் வந்தது. எந்த வழியானாலும் தேவைப்பட்டது ஒரு கோல், ஒரு கயிறு, நிறைய பொறுமை.

வடக்குமேல் இவ்வளவு அக்கறை ஏன்? கெய்ரோவின் அட்சரேகை சுமார் 30 டிகிரி. வானத்தின் துருவம் அங்கே அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அதைச் சுற்றிய விண்மீன்கள் அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை. (நம் பக்கம் துருவம் மிகவும் தாழ்வாக இருப்பதால் இப்படிப்பட்டவை குறைவு.) எழுவதும் மறைவதும் சாவும் பிறப்பும் என்றால், மறையாதது சாகாதது. எகிப்தியர் அவற்றை 'அழியாதவை' என்றார்கள். கூஃபுவுக்குச் சுமார் 200 ஆண்டு பிந்திய உனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவர்களில் பொறித்த எழுத்துகள், இறந்த மன்னன் அவற்றோடு சேர்வதைப் பேசுகின்றன. பெரிய பிரமிடின் வாசல் வடக்கு முகத்தில் இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் பாதையின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த வடவானம்தான். பிரமிடுக்கு அவர்கள் வைத்த பெயரே 'கூஃபுவின் அடிவானம்'.

மன்னன் அறையிலிருந்து சாய்வாகச் செல்லும் குறுகிய துளைகளில் தெற்கே போவது ஓரியனின் இடைவார் விண்மீன்களை நோக்குகிறது என்று 1964-ல் பதாவியும் வானியலாளர் வர்ஜீனியா டிரிம்பிளும் கணக்கிட்டார்கள். இது விவாதத்தில் உள்ள கருத்து. துளை வழியே விண்மீன் தெரியாது, நடுவில் வளைகிறது. மன்னனின் ஆவி போகும் வழி என்றால் பொருந்தும். கீஸாவின் மூன்று பிரமிடுகளும் சேர்ந்து ஓரியனின் நகல் என்பதோ வேறு கதை. அவை அப்பா, மகன், பேரன் மூவரும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டவை.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் கணக்கு மட்டும் இல்லை.

2013-ல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பியேர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் துண்டுகளைக் கண்டெடுத்தது. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. அதில் ஒன்று மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. துராவில் சுண்ணாம்புக் கல் ஏற்றினோம், 'கூஃபுவின் அடிவானத்துக்கு'ப் போய்ச் சேர்ந்தோம், இரவு அங்கே தங்கினோம் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். பிரமிடுக்குள் மேல் அறைகளின் கற்களில், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், 'கூஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு வேலைக்குழு தன் பெயரைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறது. பிரமிடுக்கு அருகே தொழிலாளர் கல்லறைகள் 1990 முதல் தோண்டப்பட்டன. அந்த எலும்புகளில் தேய்ந்த முதுகெலும்புகளும், முறிந்து பிறகு கூடிய கை கால்களும் இருக்கின்றன. யாரோ அந்தக் கைக்கு நேராகக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை பேர் முதுகு தேய்ந்ததை ஒரு பறக்கும் தட்டுக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரான்சின் தேவாலயங்களைப் பார்த்து 'மனிதரால் முடியாது' என்று யாரும் காணொளி போடுவதில்லை. எகிப்து, மாயா என்று வரும்போதுதான் அந்தச் சந்தேகம் வருகிறது. அது ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

அவர்கள் முதல் முயற்சியிலேயே இதைச் சாதிக்கவும் இல்லை. ஜோசர் மன்னனுக்கு இம்ஹோடெப் கட்டியது ஆறு படிக்கட்டுகள். ஸ்னெஃபெரு தாஷூரில் 54 டிகிரியில் தொடங்கிய பிரமிடு உள்ளே விரிசல் விட, பாதிக்குச் சற்றுக் கீழே சாய்வை 43-க்குக் குறைத்தார்கள். வளைந்த அந்தப் பிரமிடு இன்றும் நிற்கிறது. அடுத்ததை முழுக்க 43-லேயே கட்டினார்கள். அதற்கடுத்த தலைமுறைதான் கூஃபு. அடித்து அடித்து எழுதிய விடைத்தாள் மாதிரி அந்தப் பாலைவனம் கிடக்கிறது. காப்பியடித்தவன் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அது நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவனுக்குத் தெரியும்.

படித்தால் மட்டும் போதாது. வீட்டுப்பாடம் உண்டு. ரிண்ட் பாப்பிரஸின் 57-வது கணக்கு: ஒரு பிரமிடின் அடிப்பக்கம் 140 முழம், செகெத் 5 கை 1 விரல். உயரம் எவ்வளவு? 7 கை ஒரு முழம், 4 விரல் ஒரு கை. விடையைக் கீழே கருத்தில் எழுதுங்கள். பேரப் பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.